இசைத்தட்டு கழுவும் மெஷின் வந்துவிட்டது, அண்ணா

என் அன்பு அண்ணாவுக்கு,

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. வேதியியல் மட்டும் கொஞ்சம் இழுத்தது. மற்றதெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறேன். மதிப்பெண் வந்ததும் முதலில் உன்னிடம் ஓடி வருவதுதான் வழக்கம். இந்த முறை யாரிடம் ஓடுவது? அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, விடு.

உன் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேசையில் பாதியை மெஷின் பிடித்துக்கொண்டது. ஆமாம், இசைத்தட்டு கழுவும் மெஷின். தட்டின் மேல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அழுக்கோடு சேர்த்து அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுக்குமே, நீ சாப்பிடும்போதுகூடப் போனில் பார்த்துக்கொண்டிருப்பாயே, அதேதான். வாங்கிவிட்டோம். வாங்க என்னோடு வந்தது யார் தெரியுமா? அப்பா.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. ஒன்பது நாள் காய்ச்சலில் இருபத்து நான்கு வயது ஆள் போய்விட முடியும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு தகவல் மாதிரிதான் இன்னும் வைத்திருக்கிறேன். படித்தால் ஞாபகம் இருக்கிறது. புரிந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நீ மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பழுது பார்த்த கடையில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்குப் போகும்போது நான் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறேன்.

வீட்டில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா ஓமந்தூர் பக்கத்து அங்கன்வாடிக்கு வழக்கம்போலப் போய் வருகிறாள். அப்பா டூட்டிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார். கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது உன் அறைக் கதவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி தேடுவார். அறைக்குள் போய் வருவது நான் ஒருத்திதான்.

உன் தட்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கூட்டேரிப்பட்டில் மூடிக் கிடந்த சவுண்ட் சர்வீஸ் கடையிலிருந்து நீ பைக்கில் மூன்று நடையாகக் கட்டிக் கொண்டுவந்தாயே, அந்த முந்நூற்றுச் சொச்சமும். வேர்க்கடலை மூட்டைக்குப் பின்னால் பல வருஷம் கிடந்ததால் உறையைத் தட்டினால் மல்லாட்டைத் தோல்தான் உதிரும். முதல் தட்டை வெளியே எடுத்து, எப்போதும் படித்துக்கொண்டே இருக்கிறேன் என்று எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"டிக்‌ஷனரி, மோந்து பாரு. இன்னா வாசன?"

"தேங்கா எண்ணெ."

கல்யாணப் பந்தலில் ஊசி துள்ளாமல் இருக்க, அந்தக் காலத்து சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பாட்டுப் போடும் முன் தட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவார்களாம். ஊசி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அந்த எண்ணெயில் பந்தல் புழுதியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த கல்யாணத்தில் மறுபடி எண்ணெய், மறுபடி புழுதி. நீ இதைச் சொன்னதும் அம்மா சமையல் கட்டிலிருந்து கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா?

"நம்ம தலைக்கு வெக்கவே எண்ணெ இல்ல, இவனுங்க ரெக்கார்டுக்கு வெச்சி வாரி வுட்டுக்கீறானுங்களா?"

துணியால் துடைத்துப் பார்த்தாய். அழுக்கு இன்னும் உள்ளே இறங்கியது. குழாயடியில் கழுவிப் பார்த்தாய். காய்ந்ததும் அதே அழுக்கு அதே பள்ளத்தில் படிந்துவிட்டது. போட்டால் பாட்டுக்கு மேல் சடசடவென்று எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம். "பாட்டு எப்பப்பா வரும்? மொதல்ல வட வெந்துதான்னு பாரு" என்று அப்பா சிரித்தது அப்போதுதான். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் நீ ஒரே ஒரு வரி எழுதி வைத்திருந்தாய். 'மெஷின் வாங்கணும். நாள்பட வரணும்.' கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு. எந்த மெஷின், எங்கே வாங்குவது, ஒன்றும் இல்லை. யோசிக்கிற வேலையை எனக்கு விட்டுவிட்டுப் போனாயா, அல்லது நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தாயா?

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அறை மூலையில் இருந்த, தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை எடுத்தேன். யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமலே போனது. நீ சரிசெய்து வைத்திருந்தாய். அதன் வாயில் பழைய வெல்வெட் துணியைச் சுற்றி, தட்டில் தண்ணீர் ஊற்றி உறிஞ்ச வைத்தேன். மூன்றாவது தட்டில் மோட்டாரிலிருந்து புகை வந்தது. தூசிக்காகச் செய்த மெஷினுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று ஒரு புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. நீ இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாய். நீ கடைசியாகச் சரிசெய்த மெஷினை நான் எரித்துவிட்டேன், அண்ணா.

கருகல் வாசனைக்கு அப்பா ஓடி வந்தார். நீ போன பிறகு அவர் அந்த அறைக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"இன்னா பண்ணிக்கினு கீற? கைய எடு மொதல்ல!"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அலமாரி முழுவதையும் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

மறுநாள் சாப்பிடும்போது சொன்னார். புதுச்சேரியில் ஒரு காபிக் கடைக்காரர் அவருடைய பஸ்ஸில் அடிக்கடி வருவாராம். பழைய இசைத்தட்டுகளைச் சுவரில் வரிசையாக மாட்ட வேண்டுமாம். மொத்தமாக எடுத்துக்கொள்வாராம்.

"இங்க சும்மா கெடக்கறது அங்க தொங்கட்டும். பாக்கறவன் ரெண்டு பேராவது பாப்பான்."

"நடுவுல ஆணி அடிப்பாங்கப்பா."

"அடிச்சா இன்னா? பாடவா போவுது? இதால உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க போயி நிப்பேன்?"

 அம்மாதான் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள். "ஏங்க, அந்தப் பொண்ணு ஒரு பாட்டயாவது ஒழுங்கா கேக்கட்டும். மாசி முடியட்டும். அதுக்குள்ள ஆவலன்னா தூக்கிக் குடுங்க. நானே வண்டியில ஏத்தி வுடறேன்."

ஆக, மாசி முடிவதற்குள் ஒரு மெஷின். நல்ல மெஷின் கிடைக்காவிட்டால் உன் தட்டுகள் ஒரு காபிக் கடைச் சுவருக்குப் போய்விடும். அவை போனால் இந்த அறைக் கதவைத் திறக்க யாருக்கும் காரணமே இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது.

நூலகக் கணினியில் ஒரு மணி நேரம்தான் தருவார்கள். பள்ளி விட்டதும் போய்ப் போய்ப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் பெரும்பாலானவை பார்க்க அழகு. ஒன்றின் உடம்பு மரத்தூள் பலகை. எந்நேரமும் தண்ணீர் புழங்கும் மெஷினுக்கு மரத்தூள் பலகையா? இரண்டு மழைக்காலத்தில் ஊதிவிடாதா? இன்னொன்றில் அழுக்குத் தண்ணீர் சேரும் டேங்குக்கு வடிகுழாயே கிடையாது. மெஷினையே கவிழ்த்துத்தான் கொட்ட வேண்டும். நிறைந்தது தெரியாமல் ஓட்டினால் தண்ணீர் மோட்டாருக்கு ஏறிவிடும். நான் எரித்த கதைதான். மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் மூடி ஒட்டப்பட்டது. திருகாணியே இல்லை. கெட்டுப்போனால் பெட்டியில் போட்டுக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்.

பயன்படுத்தியவர்கள் எழுதியதையும் படித்தேன். மோட்டாரைவிட முதலில் தேய்வது வெல்வெட் பட்டைதானாம். உறிஞ்சும் குழாயில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும், அதன் இரு பக்கமும் தட்டை உரசாமல் இருக்க ஒட்டியிருக்கும் பட்டை. அது கிடைக்காமல் நல்ல மெஷின்களைச் சும்மா போட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதைப் படித்த பிறகு, 'நாள்பட வரணும்' என்பதற்கு நான் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். கெடாத மெஷினை யாரும் செய்வதில்லை. கெட்டால் திண்டிவனத்திலேயே சரிசெய்ய முடிய வேண்டும். நீ நினைத்ததும் இதுதானா?

புதுச்சேரியில் இசைத்தட்டு சேர்க்கும் ஒருவர், நான் இணையத்தில் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதினார். கண்டமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அருள்தாஸ் என்பவர் கேட்டால் இந்த மெஷினைச் செய்து தருவாராம். போன் செய்தேன். ஒன்று தயாராக இருக்கிறது என்றார். நான் தனியாகப் போய் வருகிறேன் என்றதும் அப்பா சட்டையை மாட்டினார்.

"வார லீவுதான. நானும் வர்றேன். ஜல்தியா கெளம்பு."

விழுப்புரத்தில் இறங்கி, புதுச்சேரி பஸ்ஸில் ஏறி, கண்டமங்கலத்தில் இறங்கினோம். இரண்டு பஸ்ஸிலும் இடம் இருந்தும் அப்பா உட்காரவில்லை. கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு போனேன். யாரும் உட்காரவில்லை.

அருள்தாஸுக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெஷினை மேசையில் வைத்தார். இரும்புத் தகட்டு உடம்பு, பச்சைப் பெயின்ட், மேலே சுழலும் வட்டு. பார்க்க அழகில்லை. நான் மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். டேங்கு எங்கே, வடிகுழாய் எங்கே, மோட்டார் எதற்கு மேலே இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

"இன்னா சார், மாடு வாங்க வந்தவன் பல்லப் புடிச்சிப் பாக்கற மாதிரி பாக்குது உங்க பொண்ணு?"

"அதுக்கு எல்லாமே படிக்கணும் சார். பஸ்ஸுல ஏறினா டிக்கெட்டுக்குப் பின்னாடி இன்னா எழுதிக்கீதுன்னு படிக்கும். ஒரே பேஜாரு" என்றார் அப்பா. ரொம்ப நாள் கழித்து அவர் என்னைக் கேலி செய்தார்.

மோட்டார், சாதாரண வேக்குவம் கிளீனரில் வருகிற அளவுதான். எந்த ஊரிலும் கிடைக்கும். டேங்கை விட உயரத்தில் வைத்திருந்தார். நான்கே திருகாணி. வெல்வெட் பட்டை, ரவிக்கைத் துணிக் கடையில் வாங்கி ஒட்டியது.

"இது எத்தினி நாளைக்கு வரும் சார்?" என்று கேட்டேன்.

"நீ எத்தினி நாளைக்கு வெச்சிக்கப் போற, பாப்பா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"யாருக்கு சார் இது? உங்களுக்கா?"

"என் பையனுக்கு."

"எங்க கீறாரு?"

அப்பா மெஷினின் மேல் விரலை வைத்து, இல்லாத தூசியைத் துடைத்தார்.

"வேலைக்குப் போயிக்கீறான். வெளியூரு."

"வரப் போவ இருப்பாரா?"

"கொஞ்சம் தூரம் சார்."

நான் பட்டறைத் தரையில் சுருண்டு கிடந்த இரும்புச் சீவல்களை எண்ண ஆரம்பித்தேன். அருள்தாஸ் மெஷினைத் துணியில் சுற்றியபடி பேசிக்கொண்டே போனார். "தம்பி வந்தா சொல்லுங்க. ஒரே மூச்சில அஞ்சு ரெக்கார்டுக்கு மேல ஓட்டக்கூடாது. அப்பறம் அர மணி நேரம் மோட்டார ஆற வுடணும். சூட்டோட ஓட்டினாருன்னா ஒரு வருஷம்தான். ஆற வுட்டு ஓட்டினா எனக்கப்பறமும் ஓடும். டேங்குத் தண்ணிய அன்னன்னிக்கே வடிச்சிடணும். குழா தண்ணி வாணாம், பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணி. பட்ட தேஞ்சா பாக்காம ஓட்டக்கூடாது, ரெக்கார்டுல கோடு வுழுந்துடும். சொல்லுவீங்களா சார்?"

"சொல்றேன்" என்றார் அப்பா.

திரும்பும்போது விழுப்புரத்தில் ஏறிய பஸ்ஸில் அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவர்தான் கண்டக்டர். உன் காரியத்துக்கு வந்து, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதவர். லக்கேஜ் டிக்கெட் வேண்டாம் என்று அவர் சொல்ல, அப்பா விடவில்லை.

"லக்கேஜுன்னா லக்கேஜுதான், கிழி."

"இன்னாண்ணே இது, கிரைண்டரா?"

"பையனோடது."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன்பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் ஒரு நாகஸ்வரத் தட்டை எடுத்தேன். பேட்டரித் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ், பிறகு உறிஞ்சும் குழாய். சத்தம் மிக்ஸியைவிட அதிகம். இரண்டு சுற்றில் தட்டு காய்ந்து கறுப்பாக மின்னியது. இப்படியே ஐந்து. வடிகுழாயைத் திறந்தபோது டீத்தூள் நிறத்தில் தண்ணீர், மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக. அம்மா எட்டிப் பார்த்தாள். "எத்தினி கல்யாணத்து அழுக்குடி இது!"

பிறகு மோட்டாரை நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆற வேண்டும். அப்பா வாசற்படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் கிளம்பும் நேரத்துக்குப் பார்ப்பது போலவே. "இன்னும் இருவது நிமிஷம்" என்றார். நிற்க முடியாமல் உள்ளே வந்தார். உட்கார வேறு இடம் இல்லாததால் உன் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மாவும் வந்து தரையில் உட்கார்ந்தாள். மெஷின் ஆறும்வரை மூன்று பேருக்கும் செய்ய ஒன்றும் இல்லை.

"அவன் இருந்தா மொதல்ல எதக் கழுவியிருப்பான்?" என்று அப்பா கேட்டார்.

அவன். நீ போன பிறகு வீட்டுக்குள் முதல் முறை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டு, "அவனா? எல்லாத்தயும் ஒண்ணா கழுவறேன்னு கரண்டயே போக்கியிருப்பான்" என்றாள். அப்பா தலையாட்டினார். மூன்று நடையாகத் தட்டு கொண்டுவந்த நாளில் உன்னைத் திட்டியதைச் சொன்னார். நீ பாட்டுக்குப் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாயாம். எனக்கு அது தெரியாது.

நடுவில் காபிக் கடைக்காரர் போன் செய்தார். "இப்பப் பேச முடியாது சார், மெஷின் ஓடிக்கினு கீது" என்று வைத்துவிட்டார் அப்பா. மெஷின் ஓடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரரும் கூப்பிடவில்லை, அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தட்டுகள் இங்கேதான் இருக்கும், அண்ணா.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கிறாயா? சுத்தமாக இருந்தது. பொரிகிற சத்தம் ஒரு துளி இல்லை. நாகஸ்வரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஆனால் உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் நான் வெளியறையில் படித்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சடசடவென்று கேட்டால் நீ வீட்டில் இருக்கிறாய் என்று அர்த்தம். இப்போது பாட்டு முடிந்ததும் அறை அப்படியே நின்றுவிடுகிறது. நான் ஒரு தட்டை மட்டும் கழுவாமல் வைத்திருக்கிறேன். அது தப்பா?

போன வாரம் அருள்தாஸ் போன் செய்தார். அப்பா கூடத்தில் நின்று பேசினார்.

"தம்பி வந்தாரா சார்?"

"வந்துட்டுப் போனான்."

"மெஷின் எப்டி, நல்லா கீதுன்னாரா?"

"நல்லா கீதுன்னான்."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி நறுக்கினாள்.   கண்டமங்கலத்தில் ஒரு மனிதர், நீ எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டு அவ்வப்போது வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கொண்டிருக்கிறார். உலகத்தில் அப்படி நம்புகிற ஆள் அவர் ஒருவர்தான். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? ஒரு நாள் அவர் "தம்பிகிட்ட போனக் குடுங்க" என்று கேட்டால் அப்பா என்ன செய்வார்?

அப்பா "சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உன்னிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கேட்டுக்கொள். ஐந்து தட்டுக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதே. அரை மணி நேரம் ஆற விடு. அன்றன்றைக்குத் தண்ணீரை வடித்துவிடு. பட்டை தேய்ந்ததா என்று பார்த்து ஓட்டு. சொல்லச் சொன்னவர் அருள்தாஸ். சொல்லிவிட்டேன்.

இனிமேலும் உனக்கென்று யார் எதைச் சொல்லி அனுப்பினாலும் அது அப்பாவிடமே நின்றுவிட விடமாட்டேன். உட்கார்ந்து எழுதி உன்னிடம் சேர்ப்பேன். இது சத்தியம்.

மோட்டார் ஆறிவிட்டது. அப்பா கூப்பிடுகிறார்.

வீட்டில் மிச்சமிருக்கும் உன் ஒரே தங்கச்சி,
தமிழரசி